டம்மி டக் செய்துகொண்ட பின் எடை மீண்டும் ஏறிவிட்டது. இப்போது ஸ்லீவ் அறுவை செய்துகொள்ளலாமா?

முப்பத்தெட்டு வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. இரண்டு சிசேரியன் பிரசவங்களுக்குப் பின் அடிவயிறு தொங்கிப்போனதால், நான்கு ஆண்டுகளுக்கு முன் 68 கிலோ எடையில் இருந்தபோது தளர்ந்த தோலை வெட்டி நீக்கும் டம்மி டக் அறுவையும், இடுப்பின் இரு பக்கங்களிலும் கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனும் செய்துகொண்டார். முதல் ஆண்டு எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இன்று 86 கிலோவில் நிற்கிறது. உயரம் 158 செ.மீ. வயிறு பழையபடி தொங்கவில்லை, ஆனால் கல் போல முன்தள்ளியிருக்கிறது. கைகளும் முதுகும் முன் எப்போதும் இல்லாத அளவுக்குப் பருத்துவிட்டன. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.3 சதவீதம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு, குறட்டை உண்டு. ஓர் அறுவை நிபுணர், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து எடையைக் குறைக்கும் ஸ்லீவ் அறுவையைச் செய்துகொள்ளச் சொல்லி அடுத்த மாதத்திற்குத் தேதியும் கொடுத்துவிட்டார். முன்பு செலவழித்த பணமும் பட்ட வலியும் வீண்தானா, ஸ்லீவ் செய்தால் பழைய அறுவை கெட்டுவிடுமா, செய்துகொள்வது சரிதானா என்பவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், போகிற போக்கில், வாரத்தில் மூன்று நான்கு நாள் நெஞ்செரிச்சலுக்குக் கேஸ் மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உடல் பருமன் சிகிச்சைக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் எடைக் குறைப்பு அறுவைக்குத் தகுதியானவர்தான். டம்மி டக் அதற்குத் தடையில்லை. ஆனால் அடுத்த மாதத் தேதியைத் தள்ளிவையுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் மிகக் குறைவாகச் சொல்லிக் கடந்த அந்த நெஞ்செரிச்சல், எந்த அறுவை என்பதையே மாற்றக்கூடியது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், உங்கள் முதல் அறுவை என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். இரண்டாவது அறுவையிடம் தவறான எதிர்பார்ப்போடு போகாமலிருக்க அது உதவும்.

டம்மி டக் என்பது தொப்புளுக்கும் அடிவயிற்று மடிப்புக்கும் இடையில் தளர்ந்து கிடக்கும் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் வெட்டி நீக்கிவிட்டு, கர்ப்ப காலத்தில் நடுவில் விலகிப்போன வயிற்றுத் தசைகளை ஒன்றாக இழுத்துத் தைத்து, மேலே உள்ள தோலைக் கீழே இறக்கி, தொப்புளுக்குப் புதிய இடத்தில் துளை செய்து பொருத்துகிற அறுவை. அது நடப்பது முழுக்க முழுக்க வயிற்றுச் சுவரின் வெளிப்புறத்தில்தான். தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றியிருக்கும் கொழுப்பை அது தொடுவதே இல்லை. பசி, செரிமானம், இன்சுலின் ஆகிய எவற்றின் போக்கும் அதனால் மாறுவதில்லை. ஆகவே உங்கள் அறுவை தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொங்கிய தோலை எடுத்தது, விலகிய தசையைச் சேர்த்தது; அந்த வேலை இன்றும் அப்படியே இருக்கிறது, இல்லாவிட்டால் 86 கிலோவில் உங்கள் அடிவயிறு மறுபடி மடிந்து தொங்கியிருக்கும். எடையைக் கட்டுப்பாட்டில் வைக்கும் வேலை அதனிடம் ஒப்படைக்கப்படவே இல்லை. அறுவைக்கு முன்பு இதை யாராவது உங்களை உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். 68 கிலோவிலேயே உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் எண்) 27-ஐத் தாண்டியிருந்தது, பிசிஓடியும் இருந்தது. எடை ஏறும் வாய்ப்பு கண்ணுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

கொழுப்பு ஏன் கைக்கும் முதுகுக்கும் போனது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இது பலரையும் அச்சுறுத்துகிற மாற்றம். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த மனிதரின் கொழுப்புச் செல்களின் மொத்த எண்ணிக்கை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள் அழிந்து, அதே அளவு புதிதாக உருவாகின்றன. எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டு ஏராளமாக இளைத்தவர்களிடமும் செல்கள் சுருங்கினவே தவிர எண்ணிக்கை குறையவில்லை. உறிஞ்சி எடுத்த இடத்தில் செல்கள் குறைந்துவிடுவதால், அதன்பின் உடலில் சேரும் மிச்சச் சக்தி செல்கள் நிறைந்த வேறு இடங்களைத் தேடிப் போகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பருமன் இல்லாத பெண்களிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், லைப்போசக்‌ஷனில் எடுத்த கொழுப்பு முழுவதும் ஓராண்டுக்குள் உடலுக்குத் திரும்பிவிட்டது. உறிஞ்சப்பட்ட தொடைக்கு அது திரும்பவில்லை, வயிற்றுப் பகுதியில் சேர்ந்தது. உங்களுக்கு அடிவயிற்றுத் தோலடியிலும் இடுப்பிலும் இடம் குறைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கை, முதுகு, மார்பு ஆகியவற்றோடு வயிற்றின் உட்புறமும் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இந்த உட்புறம்தான் எனக்குக் கவலை தருகிறது. வயிறு கல் போல இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நான் இருமுறை படித்தேன். தோலடிக் கொழுப்பு கையால் பிடித்தால் பிடிபடும், மெத்தென்று இருக்கும். உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு பிடிபடாது. இறுக்கித் தைத்த தசைச் சுவரை உள்ளிருந்து தள்ளுவதால் வயிறு பானை போல விறைத்து நிற்கும். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட பின் உடற்பயிற்சி செய்யாத பெண்களுக்கு ஆறு மாதத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. சர்க்கரை நோயையும் கொழுப்புக் கல்லீரலையும் கொண்டுவருவது முக்கியமாக இந்த உட்கொழுப்புதான். தோலடியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தும்கூட இன்சுலின் வேலை செய்யும் திறனோ ரத்த அழுத்தமோ கொலஸ்ட்ராலோ மேம்படவில்லை என்பதை, செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பருமனான 15 பெண்களிடம் செய்த ஆய்வு 2004-லேயே காட்டிவிட்டது. எனவே இன்னொரு முறை லைப்போசக்‌ஷன் செய்து கைகளையும் முதுகையும் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இப்போது அதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பதை எந்தக் குழாயும் உறிஞ்ச முடியாது.

எடை ஏன் ஏறியது என்ற விசாரணையும் இன்னும் நடக்கவில்லை என்று தெரிகிறது. தைராய்டு பரிசோதனை எப்போது செய்தீர்கள்? இந்த நான்கு ஆண்டுகளில் கருத்தடை ஊசி, ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரைகள், வலிப்புக்கான மருந்து என்று ஏதாவது எடுத்துக்கொண்டீர்களா? இவற்றில் சில, உணவில் எந்த மாற்றமும் இல்லாதபோதே பசியைக் கூட்டி எடையை ஏற்றக்கூடியவை. குறட்டையோடு பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால், இரவில் மூச்சு விட்டுவிட்டு நிற்கிற நோய் இருக்கலாம். சரியாகத் தூங்காத உடல் மறுநாள் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் அதிகமாகக் கேட்கும். இரவில் யாருமில்லாத நேரத்தில், வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டு அழுதுகொண்டு படுக்கிற வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது ஒரு நோய், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, அதைக் கவனிக்காமல் இரைப்பையை மட்டும் சுருக்கினால் பின்னர் நொறுக்குத் தீனியாகவும் இனிப்புப் பானமாகவும் அது திரும்ப வரும். இவை எதுவும் இல்லாமலும் எடை ஏறலாம். அதற்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. உணவை வெகுவாகக் குறைத்து இளைத்தவர்களின் ரத்தத்தில் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டு கழித்தும் உயர்ந்தே இருந்ததை மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் பதிவு செய்திருக்கிறார்கள். இழந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் தானாகவே முயல்கிறது. மன உறுதி மட்டும் போதாத இடம் இது.

இனி தகுதி. 86 கிலோ, 158 செ.மீ. என்றால் உங்கள் பி.எம்.ஐ. 34.4. நெடுங்காலம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது 1991-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல்: பி.எம்.ஐ. 40, அல்லது கடுமையான துணை நோய்களோடு 35. அதன்படி நீங்கள் தகுதி பெற மாட்டீர்கள். 2022-இல் எடைக் குறைப்பு அறுவைக்கான அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்த அளவுகோலைத் திருத்தி, 35-க்கு மேல் துணை நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம், வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு 30 முதலே பரிசீலிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-க்கு மேலேயே அறுவை வாய்ப்பை முன்வைக்க வேண்டும் என்று அறிவித்தன. நம்மவர்களுக்குத் தனி அளவு எதற்கு என்று கேட்கலாம். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவு, உட்கொழுப்பு அதிகம். சர்க்கரை நோய் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. உங்களுக்குச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை வந்தாயிற்று. ஸ்வீடனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது பெருமளவு குறைந்திருந்தது, இறப்பும் குறைந்திருந்தது. ஆகவே மருத்துவக் கண்ணோட்டத்தில் உங்கள் நிபுணர் அறுவையைப் பற்றிப் பேசியதில் தவறில்லை. காப்பீட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இந்தியாவில் பாலிசிகளில் வழக்கமாக உள்ள விதி இன்னும் பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை நோய் போன்றவை என்பதே, 34.4-க்குப் பணம் கிடைக்கும் என்று மருத்துவமனையில் யாராவது வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் ஒப்புதல் வரும்வரை நம்ப வேண்டாம்.

பழைய அறுவை கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்லீவாக இருந்தாலும், இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸாக இருந்தாலும் இன்று லேப்ராஸ்கோபி மூலம், வயிற்றில் நான்கைந்து சிறு துளைகளிட்டுச் செய்கிறார்கள். வாயுவை நிரப்பி வயிற்றுச் சுவரை உள்ளுறுப்புகளிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டுத்தான் வேலை தொடங்கும். டம்மி டக் செய்தவர்களின் வயிற்றுச் சுவர் இறுக்கித் தைக்கப்பட்டிருப்பதால் மற்றவர்களுக்குப் போல எளிதாக உப்பாது; உள்ளே கருவிகளை அசைக்க இடம் குறைவாக இருக்கும். அனுபவமுள்ள அறுவை நிபுணரும் மயக்க மருத்துவரும் முன்கூட்டியே அறிந்திருந்தால் இதைச் சமாளிப்பார்கள். இன்னொன்று தொப்புள். டம்மி டக்கில் தொப்புளைச் சுற்றி வெட்டி, அதன் அடிக்காம்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, கீழிறக்கிய தோலில் புதுத் துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருப்பார்கள். அதற்கு ரத்தம் வருவது பெரும்பாலும் அந்தக் காம்பு வழியாகத்தான். தொப்புளின் ரத்த ஓட்டமும் தோலின் அமைப்பும் மாறியிருப்பதால், எங்கே துளையிடுவது என்பதை வழக்கமான கணக்கில் முடிவு செய்யக் கூடாது. அன்று குடலிறக்கம் இருந்து வலை ஏதும் பொருத்தியிருந்தால் அதன் மீது துளை போடக் கூடாது. ஆகவே அந்தப் பழைய மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்லாமல், அறுவைக் குறிப்புகளின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. தசைத் தையலைப் பிரிக்கும்படி எதுவும் நடக்காது. சிசேரியன் ஒட்டுதல்கள் அடிவயிற்றில் இருக்கும், இரைப்பையோ மேலே இருக்கிறது, அதனால் அவையும் பெரும் தொல்லை தருவது அரிது.

இப்போது நெஞ்செரிச்சல். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள்; மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைச் சுரக்கும் பகுதியும் அதோடு போவதால் பசி அடங்குகிறது. குடலின் பாதை மாறுவதில்லை என்பதால் பைபாஸைவிட எளிமையானது. ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. அமிலம் மேலே எதுக்களிப்பதற்கு வழி பிறக்கிறது. ஃபின்லாந்தில் 240 பேரை ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்துப் பத்தாண்டுகள் கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாய்ப் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்குத்தான். வாரத்தில் மூன்று நான்கு நாள் கேஸ் மாத்திரை தேவைப்படுகிற ஒருவருக்கு, வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி செய்யாமல் ஸ்லீவுக்குத் தேதி கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் எண்டோஸ்கோபி பற்றி ஒரு சொல்லும் இல்லை. உணவுக்குழாயில் புண் இருக்கிறதா, இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் வழியே மேலேறியிருக்கிறதா, ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்பவற்றைப் பார்த்தாக வேண்டும். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. ஸ்லீவ் மீளாத அறுவை.

எண்டோஸ்கோபியில் எதுக்களிப்பு உறுதியானால், இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கும் ரூ-என்-ஒய் பைபாஸ் உங்களுக்கு மேலும் பொருந்தும். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும், சர்க்கரைக்கும் நல்லது. அதற்கு விலை உண்டு: இரும்பு, கால்சியம், பி12 ஆகியவற்றை உடல் ஈர்ப்பது குறையும், இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும், இணைப்பில் புண் வரலாம், குடல் சிக்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும், குடலோடு ஒரே இணைப்பு மட்டும் போடும் மினி பைபாஸ் நேரம் குறைவானது, எடையும் நன்றாகக் குறையும். ஆனால் அதில் பித்தநீர் எதுக்களிக்க வாய்ப்பு இருப்பதால், நெஞ்செரிச்சலுள்ளவருக்கு அதைச் சொல்வதற்கு முன் நன்கு யோசிக்க வேண்டும். இவ்வகை அறுவைகளால் முதல் மாதத்தில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் என்ற அளவில்தான், பித்தப்பை அறுவைக்கு நெருக்கமாக இருக்கிறது. அரிது என்பதற்காக அலட்சியம் கூடாது. தையல் கசிவு, ரத்தக்கசிவு, காலில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போவது ஆகிய மூன்றும் நடப்பவை; தீவிர சிகிச்சைப் பிரிவும், இரவிலும் அழைத்தால் வரும் குழுவும் இருக்கும் மருத்துவமனையாகப் பார்க்க வேண்டும்.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் எடையில் அவற்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. செமாக்ளூடைடு வாரம் 2.4 மி.கி. எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் குறைந்தார்கள் என்று 2021-இலும், டிர்செபடைடு உச்ச அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம் குறைத்தது என்று 2022-இலும் பெரிய ஆய்வுகள் வெளியாயின. இரண்டாவது மருந்து மௌன்ஜாரோ என்ற பெயரிலும் முதலாவது வெகோவி என்ற பெயரிலும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. உங்கள் 86 கிலோவில் கணக்கிட்டால் இவை 13 முதல் 18 கிலோ வரை; அறுவை சராசரியாக 25 சதவீதம் என்று கொண்டால் 21 கிலோவுக்கு மேல். இடைவெளி இருக்கிறது, ஆனால் பி.எம்.ஐ. 34-இல் அது 50-இல் போல மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி அல்ல. மருந்தை நிறுத்தினால் ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதையும் ஆய்வுகள் காட்டின. ஆகவே இது சில மாதத்து வைத்தியம் அன்று. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் எடுக்கக் கூடாது. உங்கள் சர்க்கரை இன்னும் நோய் எல்லைக்குள் போகவில்லை, தூக்க மூச்சுத்தடையும் கடுமையாக இல்லை என்று தெரிந்தால், நான் உங்கள் மருத்துவராக இருக்கும்பட்சத்தில், ஊட்டச்சத்து நிபுணரின் மேற்பார்வையோடு ஆறு மாதம் மருந்தை முயன்றுவிட்டு அறுவையை முடிவு செய்யலாம் என்றுதான் முதலில் பேசுவேன். செலவு கட்டுப்படியாகாது, ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது சர்க்கரை ஏறுகிறது என்றால் அறுவைதான். இதில் என்னோடு மாறுபடும் நல்ல அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தையும் கேளுங்கள்.

தோற்றத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். 20 கிலோ குறைந்தால் உங்கள் சர்க்கரையும் குறட்டையும் மூட்டும் நன்றி சொல்லும். கண்ணாடி அந்த அளவுக்குச் சொல்லாமல் போகலாம். விரிந்த தோல் கைகளிலும் மார்பிலும் தொடையின் உட்புறத்திலும் தளர்ந்து தொங்கும், முகம் சற்று வாடும். அடிவயிற்றில் முன்பே தோல் எடுத்திருப்பதால் அங்கே தளர்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் மேல்வயிற்றில் கொஞ்சம் வரும். பெரும்பாலும் உட்கொழுப்பு வற்றி, இறுக்கித் தைத்த தசைச் சுவர் மீண்டும் தட்டையாகும் என்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி. ஒருவகையில் உங்கள் பழைய அறுவையின் பலன் அப்போதுதான் முழுதாக வெளியே தெரியும். தளர்ந்த தோலுக்கு மறுபடி பிளாஸ்டிக் அறுவை வேண்டுமென்று தோன்றினால், எடை குறைந்து முடிந்து, குறைந்தது ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு, அதாவது அறுவைக்கு ஒன்றே கால், ஒன்றரை ஆண்டுக்குப் பின்பு, ரத்தத்தில் புரதமும் இரும்பும் சரியாக இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். வயிற்றில் ஏற்கெனவே நீளத் தழும்பு இருப்பதால் தோலின் ரத்த ஓட்டம் மாறியிருக்கும். பழைய குறிப்புகளைப் பார்த்த பிறகே கத்தி வைக்க வேண்டும். கைகள் மெலிவதற்காகவே ஸ்லீவ் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், நான்கு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அதே ஏமாற்றம் வேறு வழியாக வரும். ஒரு வேலைக்கான அறுவையிடம் இன்னொரு வேலையை எதிர்பார்த்ததுதான் அன்று நடந்தது.

அறுவைக்குப் பின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை உங்கள் அடுக்களையிலிருந்தே யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு கூழ்ப் பதம், பிறகு மென்மையான உணவு, ஐந்தாறு வாரத்தில் வழக்கமான உணவின் மிகச் சிறிய அளவு. ஒரு இட்லியும் சட்னியுமே வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் உடலுக்கு நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். ஆகவே தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டித் தயிர், சுண்டல், பருப்பு. சோறு கடைசியில், இடம் இருந்தால். நம் வழக்கத்தில் சோறுதான் சாப்பாடு, மற்றவை தொட்டுக்கொள்ள. அந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பலருக்கும் அறுவையைவிடக் கடினமாக இருக்கிறது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். சைவ உணவு உண்பவராக இருந்தால் பி12 குறைபாடு நிச்சயம் வரும் என்றே கொள்ளுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு, நடக்கத் தள்ளாடும் நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடர்ந்து வாந்தி வந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்காதீர்கள். வைட்டமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். தண்ணீர்கூட அருந்தாத விரதங்களை முதல் ஆண்டில் கட்டாயம் தவிர்க்க வேண்டும். எடை முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அடிமட்டத்தைத் தொட்டுப் பிறகு சில கிலோ ஏறும்; அது எல்லோருக்கும் நடப்பது. அந்தச் சில கிலோ ஏறும்போது வெட்கப்பட்டு மருத்துவரைப் பார்க்காமல் மறைந்துகொள்கிறவர்களுக்குத்தான் அது பல கிலோவாகிறது.

ஒருமுறை பணத்தைக் கொட்டியது போதாதா என்று வீட்டில் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். முந்தையது தோற்றத்துக்கான அறுவை, இப்போது பேசுவது சர்க்கரை நோயைத் தடுப்பதைப் பற்றி என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். அறுவைக்குப் பின் முதல் மூன்று மாதம் சமையலிலும் பிள்ளைகளைத் தூக்குவதிலும் உதவி தேவைப்படும். அந்த உதவி இல்லாத வீட்டில் நல்ல அறுவையும் சிரமப்படும்.

தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னேன்; முதலில் ஆறு முதல் எட்டு வாரம் தள்ளிவையுங்கள். அந்த நாட்களில் எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, தைராய்டு, கல்லீரல் ஸ்கேன், பி12, இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றைச் செய்துவிடுங்கள். ஊட்டச்சத்து நிபுணரையும் மனநல மருத்துவரையும் ஒருமுறையாவது பாருங்கள். பழைய அறுவைக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் இரண்டாவது அறுவை நிபுணர் ஒருவரிடமும் கருத்துக் கேளுங்கள். நெஞ்செரிச்சல் இருப்பது தெரிந்தும் ஏன் ஸ்லீவ், டம்மி டக் செய்த வயிற்றில் எத்தனை பேருக்கு நீங்கள் லேப்ராஸ்கோபி செய்திருக்கிறீர்கள், ஓராண்டுக்குப் பின் என்னை யார் கவனிப்பார்கள் என்ற மூன்றையும் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மூன்றாவது குழந்தை பற்றிய எண்ணம் சிறிதேனும் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது. எடை குறையத் தொடங்கியதும் பிசிஓடி உள்ளவர்களுக்குக் கரு முட்டை சீராக வெளிவரத் தொடங்கி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிப்பதும் உண்டு. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமல் போகலாம் என்பதால், அறுவைக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் காப்பர்-டி போன்ற வேறு வழியைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.